ஆள் தங்கிய அடையாளமே இல்லை

அன்பு மகனுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் தங்கையும் நல்லபடியாக இருக்கிறோம். அங்கே நீயும் மருமகளும் எங்களைவிட ஒரு படி கூடுதலாகவே நன்றாக இருக்க வேண்டும், காலையில் கண் விழித்ததும் எனக்கு முதலில் வருகிற நினைப்பு அதுதான். எழுதிக்கொள்வது என்று சொன்னேனே தவிர பேனா பிடித்திருப்பது நான் இல்லை, கையெழுத்தைப் பார்த்ததுமே உனக்குத் தெரிந்திருக்கும். நான் சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுகிறாள். போன வாரம் ஒரு வீட்டு மாடிப்படிச் சுவருக்கு பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தேன், ஏணி வழுக்கி வலது மணிக்கட்டில் அடி. எலும்பில் லேசாகக் கீறல் என்று மாவுக்கட்டுப் போட்டிருக்கிறார்கள், பயப்பட ஒன்றுமில்லை. ஏணிக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயது, எது முதலில் காலை வாருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தோம், அது முந்திக்கொண்டது. போனில் ஏன் சொல்லவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. போனில் நீ "சாப்பிட்டீங்களாப்பா" என்பாய், நான் "ஆச்சு, நீ?" என்பேன், அதற்குப் பிறகு இரண்டு பக்கமும் மூச்சுச் சத்தம்தான் கேட்கும். அந்த மூச்சுக்கு நடுவில் மணிக்கட்டை எங்கே கொண்டுபோய்ச் செருகுவது?

மற்றபடி வீட்டில் எல்லாம் வழக்கம்போல. பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா உன் தங்கைக்கு ஓரம் அடிக்கிற வேலை கொடுக்கிறாள், பகலில் அங்கே போய் வருகிறாள். அங்கேயும் வாயைத் திறப்பதில்லையாம். "என் மிஷின்கூட உங்க பொண்ணைவிட அதிகமாப் பேசுது அண்ணே" என்று தையல்காரம்மா சொல்லிச் சிரித்தாள். உன் அம்மா படுக்கையில் விழுந்தபோது பள்ளிக்கூடத்தை விட்டவள், அன்றிலிருந்து பேச்சையும் சேர்த்து விட்டுவிட்டாள் போலிருக்கிறது. இதை எழுதும்போது தலையைக் குனிந்துகொண்டாள், ஆனாலும் எழுதிவிட்டாள் பார், சொன்னதை ஓர் எழுத்து விடாமல் எழுதுகிற பெண். குளியலறைக் குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது, அதை நான் ஒற்றைக் கையால் சரிசெய்யப் போய் இப்போது இன்னும் நன்றாக ஒழுகுகிறது. சாயங்காலங்களில் வேலை இல்லாமல் வீட்டில் உட்கார்ந்திருப்பதுதான் பழக்கமில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நம் வீட்டுச் சுவருக்கு நான் பெயிண்ட் அடித்து எத்தனை காலமாயிற்று என்று இப்போதுதான் கண்ணில் படுகிறது.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். நீயும் மருமகளும் லீவு போட்டு அந்தப் பெரிய நகரத்தைச் சுற்றிப் பார்க்கப் போவதாகச் சொன்னாய். "நீங்களும் அம்மாவும் எங்கெல்லாம் போனீங்கன்னு எழுதி அனுப்புங்கப்பா, நாங்களும் அங்கெல்லாம் போறோம்" என்றாய். இந்த ஒரு வருஷத்தில் நீ என்னிடம் பேசிய நீளமான பேச்சு அதுதான், அதனால் நீ போனை வைத்த பிறகும் நான் காதிலேயே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். நீ வேலையில் சேர்ந்த புதிதில் எங்களை அனுப்பி வைத்த பயணம் அது. உன் அம்மா முதலில் மாட்டேன் என்றாள். "ஊர் சுத்துறதுக்கு நமக்கென்ன வயசா, ஆஸ்பத்திரி வார்டுல என் படுக்கையெல்லாம் யாரு பாப்பா, தலைமை நர்ஸ் லீவு தர மாட்டாங்க" என்று தலைமை நர்ஸையே காரணமாகக் காட்டினாள். தலைமை நர்ஸோ "நீங்க போகலேன்னா நான் அந்த டிக்கெட்டுல போயிடுவேன்" என்று சொன்னதும்தான் பெட்டியைக் கீழே இறக்கினாள். சின்னவளைத் தையல்காரம்மாவிடம் விட்டுவிட்டுக் கிளம்பினோம். ரயிலில் உன் அம்மா தூங்கவேயில்லை, ஜன்னலோரம் உட்கார்ந்து நிற்கிற ஸ்டேஷன் பெயரையெல்லாம் எழுத்துக் கூட்டி எனக்குப் படித்துக் காட்டிக்கொண்டே வந்தாள். நான் தூங்கிவிட்டால் முழங்கையால் இடித்து எழுப்பி அந்தப் பெயரைச் சொல்லிவிட்டு "இப்ப தூங்குங்க" என்பாள்.

முதலில் அந்த உயரமான கோபுரத்துக்குப் போங்கள், கண்ணாடி லிஃப்ட் வைத்தது. லிஃப்ட் கிளம்பியதும் உன் அம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டு என் கையைப் பிடித்தாள். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் வெளியிடத்தில் அவள் என் கையைப் பிடித்தது அன்றுதான். மேலே போய்ச் சேர்ந்து, எல்லாரும் இறங்கி, அடுத்த கூட்டம் ஏறும்வரை விடவில்லை. "வந்தாச்சு, கண்ணைத் திற" என்றேன். "வந்தாச்சுன்னு எனக்குத் தெரியும், நீங்க சும்மா இருங்க" என்றாள். இந்த இடத்தில் உன் தங்கை எழுதுவதை நிறுத்திவிட்டு இதெல்லாம் எழுதணுமா என்பது போல் பார்க்கிறாள், காது சிவந்துவிட்டது. எழுது என்று சொல்லியிருக்கிறேன். அவனுக்கும் கல்யாணமாகிவிட்டது, அவனுக்குப் புரியும். பிறகு பழைய அரண்மனை. சுவரும் கூரையும் முழுக்கப் படம் எழுதியிருக்கிறார்கள். அந்தச் சிவப்பை எதைக் குழைத்துப் பூசினார்கள் என்று பார்க்க நான் விரலால் லேசாகத் தொட்டேன், எங்கிருந்தோ காவல்காரன் விசில் ஊதினான், கூட்டம் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. உன் அம்மா என்னைத் தெரியாதவள் போல அடுத்த அறைக்கு நடந்துவிட்டாள். வெளியே வந்ததும்தான் "ஊரே படத்தைப் பாக்குது, நீங்க சுவரைப் பாக்குறீங்க, இங்கயும் வேலைக்கு ஆள் எடுக்குறாங்களான்னு விசாரிக்க வந்தீங்களா" என்று பிடித்துக்கொண்டாள். அவள் மட்டும் என்ன. ராஜா படுத்த கட்டிலுக்கு முன்னால் கயிறு கட்டியிருந்தது, எல்லாரும் கட்டிலின் தந்த வேலைப்பாட்டைப் பார்த்தார்கள், இவள் குனிந்து விரிப்பின் மூலையைப் பார்த்துவிட்டு "இத்தனை பேர் வேலைக்கு இருந்தும் ஒருத்தருக்கும் மூலை மடிக்கத் தெரியலையே" என்று வருத்தப்பட்டாள்.

இனிமேல் சொல்லப்போவது உனக்குத் தெரியாது, நாங்கள் யாரிடமும் சொல்லவில்லை, உன் அம்மா சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தாள். அரண்மனை பார்த்துவிட்டு ஆற்றுப் பாலத்தில் நடந்து கடைத்தெருவையும் சுற்றிவிட்டு சாயங்காலம் லாட்ஜுக்குத் திரும்பினோம். சாவி கேட்டால் மேனேஜர் எங்களை மேலும் கீழும் பார்க்கிறார். "அந்த ரூம் காலியாயிடுச்சே, வேற பார்ட்டிக்குக் கொடுத்துட்டேனே" என்கிறார். "நாங்க இன்னும் தங்கியிருக்கோம் சார், எப்படிக் காலியாகும்" என்று சத்தம் போட்டேன். அறை சுத்தம் செய்கிற பெண்ணைக் கூப்பிட்டார். அவள் பாவம், கையைப் பிசைந்துகொண்டு "நான் கூட்டவே இல்ல சார், கூட்ட என்ன இருந்துச்சு? படுக்கை விரிப்பு சலவைக்குப் போற மாதிரி மடிச்சு கால்மாட்டுல இருந்துச்சு, பாத்ரூம் காய்ஞ்சு கிடந்துச்சு, குப்பைக்கூடையில ஒரு காகிதம்கூட இல்ல. ஆள் தங்கின அடையாளமே இல்லையே" என்றாள். நான் உன் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். நானாக இருந்தால் அந்த நேரம் பூமிக்குள் போயிருப்பேன். அவள் முகத்தில் ஒரு பெருமை, அடக்கப் பார்க்கிறாள், முடியவில்லை. காலையில் நான் கீழே டீ குடிக்கப் போயிருந்த நேரத்தில் அத்தனையும் செய்து முடித்து, திருடன் வந்தால் தெரியக் கூடாது என்று எங்கள் பெட்டியை அலமாரி மேல்தட்டில் பின்னால் தள்ளி வைத்திருந்தாள். இத்தனை வருஷம் வார்டில் செய்த வேலை, கை தானாகச் செய்துவிட்டது. அந்த அறையில் இப்போது புதுசாகக் கல்யாணம் ஆன ஒரு ஜோடி. கதவைத் தட்டிப் பெட்டியைக் கேட்க வேண்டிய பாக்கியம் எனக்குக் கிடைத்தது. மாப்பிள்ளைப் பையன் கதவைத் திறந்து, முன்பின் தெரியாத ஒரு மனுஷன் "தம்பி, உங்க அலமாரியில எங்க பெட்டி இருக்கு" என்று சொல்வதைக் கேட்டு நின்ற முகத்தை நான் சாகிறவரை மறக்க மாட்டேன். உள்ளே இருந்து அந்தப் பெண் "என்னங்க, யாரு?" என்கிறாள், அவன் "தெரியலம்மா, அலமாரிக்காரராம்" என்கிறான்.

மேனேஜர் நல்ல மனுஷன். மொட்டை மாடிக்குப் பக்கத்தில், தண்ணீர்த் தொட்டியை ஒட்டி இருந்த ஓர் அறையை ஒழித்துக் கொடுத்தார். சின்ன அறைதான், ஆனால் ஜன்னலைத் திறந்தால் ஊர் முழுக்கக் காலடியில். விளக்குகள் ஒவ்வொன்றாக எரிய ஆரம்பிக்கிற நேரம். நாங்கள் ரொட்டியும் டீயும் வாங்கி வந்து ஜன்னல் விளிம்பில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம், இரண்டு பேருக்கும் சிரிப்பு அடங்கவில்லை, ஒருத்தர் நிறுத்தினால் இன்னொருத்தர் "அலமாரிக்காரரே" என்று ஆரம்பிப்போம். அப்போதுதான் கேட்டேன், ஏன் இப்படித் தடயமே இல்லாமல் துடைத்து வைக்கிறாய் என்று. அவள் வேலையைப் பற்றி நான் அதுவரை கேட்டதே இல்லை. அவள் சொன்னாள், வார்டில் அடுத்து வந்து படுக்கிறவருக்கு முன்னால் ஒருத்தர் இங்கே படுத்திருந்தார் என்றே தோன்றக் கூடாதாம். தோன்றினால் அவர் பிழைத்துப் போனாரா இல்லையா என்று யோசிக்க ஆரம்பித்துவிடுவார்களாம். "பயந்த ஆளுக்கு மருந்து வேலை செய்யாதுங்க. அவங்களுக்காகத்தான் புதுசு மாதிரி வைக்கிறேன்" என்றாள். மறுநாள் காலையில் மேனேஜர் கையெடுத்துக் கும்பிட்டு "தயவு செஞ்சு இன்னைக்காவது படுக்கையைக் கலைச்சுப் போட்டுட்டுப் போங்கம்மா" என்றார். அவளும் சரி என்றாள். ஆனால் வாசலில் நின்றுகொண்டு நகர மாட்டேன் என்கிறாள், அழுகிற பிள்ளையை விட்டுவிட்டு வருகிறவள் மாதிரி அந்தக் கசங்கிய விரிப்பைப் பார்த்துக்கொண்டே நிற்கிறாள், நான்தான் கதவைப் பூட்டி இழுத்துக்கொண்டு போனேன். அன்று படகில் போகும்போதும் மிருகக்காட்சி சாலையில் ஒட்டகச்சிவிங்கியைப் பார்க்கும்போதும் "அது அப்படியே கிடக்குமே" என்று ஒரே புலம்பல். ஒட்டகச்சிவிங்கி உன் அம்மாவைப் பார்த்ததே தவிர உன் அம்மா அதைப் பார்க்கவில்லை.

இவ்வளவு சொன்ன பிறகு மீதியையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. போன வருஷம் நீ உடனே ரயில் கிடைக்காமல் தாமதமாக வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. நீ நேராக உள் அறைக்குப் போனாய். அம்மாவுடைய பொருள் ஏதாவது கையில் எடுக்கலாம் என்று தேடினாய். கொடியில் ஒரு துணி இல்லை, ஜன்னலில் மூக்குக்கண்ணாடி இல்லை, கட்டிலுக்கு அடியில் செருப்பு இல்லை. வெளியே வந்து என்னிடம் "அதுக்குள்ள எல்லாத்தையும் எடுத்துட்டீங்களாப்பா? ஒரு சீப்புகூட இல்லையே" என்றாய். மறுநாள் முதல் வண்டியில் கிளம்பிப் போனாய், அதற்குப் பிறகு இந்த வீட்டுக்கு வரவில்லை. நீ அப்படி நினைத்ததில் தப்பில்லை, உன் இடத்தில் யார் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். அந்தப் பொருள்களை நான் எடுக்கவில்லை. ஆஸ்பத்திரியில் சேரக் கிளம்புவதற்கு முன்னால் அவளே எடுத்து முடித்துவிட்டாள். கட்டில் விளிம்பில் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொன்றாகச் சொன்னாள். துணியெல்லாம் மடித்து வார்டில் கூட வேலை செய்கிறவர்களுக்கு, யூனிஃபார்மைத் துவைத்து ஆஸ்பத்திரிக்குத் திருப்பி, செருப்பைக் குப்பைக்காரிக்கு, விரிப்பைச் சலவைக்கு. கடைசியில் அந்தக் கட்டிலில் வேறு விரிப்பைத் தானே விரித்தாள், மூலை மடித்து. எத்தனையோ பேரை அந்த வார்டிலிருந்து வழியனுப்பியவள், அவளுக்குத் தெரியாதா? உன்னிடம் போனில் "சும்மா ஒரு டெஸ்ட்டுதான் ராசா, லீவு போடாத" என்று சொன்னாளே, அதைச் சொல்லி முடித்த கையோடு செய்தாள். எடுத்துக் கொடுத்து மடித்து வைத்தது இப்போது இதை எழுதிக்கொண்டிருப்பவள்தான். இந்த இடத்தில் அவளால் எழுத முடியவில்லை, எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கிறாள்.

அன்றைக்கே உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். தான் திரும்பி வர மாட்டோம் என்று தெரிந்துகொண்டுதான் அவள் உன்னை வர வேண்டாம் என்றாள் என்று எப்படியடா சொல்வது, அப்போதுதான் ரயிலை விட்டு இறங்கி வந்து நிற்கிற பிள்ளையிடம்? அப்பாமேல் கோபம் என்றால் அது என்றைக்காவது ஆறிவிடும் என்று நினைத்தேன். கோபத்தை என் கணக்கில் வைத்துக்கொள்வது எனக்குச் சுலபமாக இருந்தது. ஆனால் வருஷம் திரும்பிவிட்டது. இந்த வீட்டில் அடுத்து வந்து படுக்கிற நோயாளி யார்? நான்தானே. எனக்காகத்தான் அப்படி வைத்துவிட்டுப் போயிருக்கிறாள், நான் பயப்படக் கூடாது என்று. அவள் கணக்கு இந்த ஒரு தடவை தப்பிவிட்டது. சுத்தமான வீட்டில்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. காலையில் உன் தங்கை என் படுக்கையைச் சரிசெய்ய வந்தால் வேண்டாம் என்று விரட்டுகிறேன். டீ குடித்த டம்ளரை எடுக்க விடுவதில்லை. பாவம், அவளுக்கும் புரிகிறது, எடுத்த டம்ளரை நான் பார்க்காதபோது திரும்ப வைத்துவிட்டுப் போகிறாள். அந்த ஊரை நினைத்தால்தான் உன் அம்மா முகம் முழுசாக வருகிறது, கண்ணை மூடிக்கொண்டு லிஃப்டில் நிற்கிறாள், பாலத்தில் நின்று காற்றுக்குத் தலையைப் பிடித்துக்கொள்கிறாள். அதனால்தான் நீ கேட்டதும் இத்தனையும் கொட்டிவிட்டேன்.

நீங்கள் போகும்போது நடக்கிற செருப்பாகப் போட்டுக்கொண்டு போங்கள், அழகுச் செருப்பு அங்கே உதவாது, மருமகளிடம் கண்டிப்பாகச் சொல். கோபுரத்துக்குக் காலையிலேயே போய்விடு, வெயில் ஏறினால் வரிசை நகராது. அரண்மனையில் சுவரைத் தொடாதே. ஆற்றுப் பாலத்தை வண்டியில் கடக்காதே, நடந்து போ, நடுவில் நின்றால் பாலம் லேசாக ஆடும், மருமகள் உன் கையைப் பிடித்தால் "பாலம் உறுதியானதுதான்" என்று புத்திசாலித்தனம் காட்டிக்கொண்டிருக்காதே, பேசாமல் நில். அந்த மாடி அறை இன்னும் இருந்தால் அதையே கேட்டு வாங்கு. லாட்ஜ் ரயில் நிலையத்துக்குப் பின்பக்கம், மருந்துக்கடையை ஒட்டிய சந்தில். காலையில் கிளம்பும்போது படுக்கையைக் கலைத்தே போட்டுவிட்டுப் போங்கள், கூட்டுகிற பெண்ணின் கையில் ஏதாவது கொடுத்துவிட்டு வா. அங்கிருந்து நம் ஊருக்கு ஒரு ராத்திரிப் பயணம்தான், அதுவும் உனக்குத் தெரியும்.

கை சரியாகிவிடும், கவலைப்படாதே. கட்டுப் பிரித்ததும் முதல் வேலையாக நம் வீட்டுச் சுவருக்கு அடிக்கலாம் என்று இருக்கிறேன், என்ன நிறம் என்றுதான் முடிவு செய்ய ஆள் இல்லை. தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள். வேலை வேலை என்று சாப்பாட்டு நேரத்தைத் தள்ளாதே. நீயும் மருமகளும் ஒருவருக்கொருவர் துணையாக, சிரித்த முகமாக, நீண்ட நாள் வாழ வேண்டும். உன் அம்மா இருந்தால் இதே வார்த்தையைத்தான் சொல்லியிருப்பாள், இரண்டு பேர் சொன்னதாக எடுத்துக்கொள். போய்ச் சேர்ந்ததும் ஒரு போன் செய்ய மறக்காதே.

இப்படிக்கு, உன் நினைவாகவே இருக்கும்
அப்பா

அண்ணா, இது நானாக எழுதுவது. அப்பா கடிதத்தை ஒட்டச் சொல்லிவிட்டு வெளியே பசை தேடிக்கொண்டிருக்கிறார். ராத்திரிப் பயணம்தான் என்று சொன்னாரே, அதற்கு அடுத்த வரியாக "ஆனால் நீ சிரமப்பட்டு இங்கே வர வேண்டாம், லீவு வீணாகிவிடும், ஊரை நிதானமாகப் பாருங்கள், நான் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன்" என்று எழுதச் சொன்னார். நான் அதை எழுதவில்லை. முடிந்ததும் படித்துக் காட்டச் சொன்னார். அந்த வரி வந்த இடத்தில் காகிதத்தைப் பார்த்துக்கொண்டே, இல்லாததை இருப்பதுபோல் படித்துவிட்டேன். நான் அப்படிச் செய்வேன் என்று அவர் நினைக்க மாட்டார். கேட்டுவிட்டு, சரியாக எழுதியிருக்கிறாய் என்றார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவர் உன்னை வர வேண்டாம் என்று எழுதவில்லை அண்ணா. வா.